அமலதாசுக்காகக் குடித்த பியர்

பிப்ரவரிக் கடைசியில் செனாவாங் கிடங்கில் ஆளுக்கொரு பெட்டி பியர் கொடுத்தார்கள். வெயில் காலத்துக்கென்றே ஒரு சின்ன ஆலை காய்ச்சிய கிராஃப்ட் பியர். பெட்டிக்கு இருபத்து நான்கு டின், மூன்று ருசி: லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையும் உப்பும் போட்டது, தர்பூசணி போட்டது, கொய்யா போட்டது. ஏப்ரல் முடிந்தால் இது வராது என்றார் முதலாளி லியூ. பதினொரு வருடமாக அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் புனிதன், நம் ஊரில் வருடம் பூராவும் வெயில்தானே, இதற்கென்ன தனியாக ஒரு சீசன் என்று மலாய் மொழியில் கேட்டார். லியூவும் சிரித்துவிட்டார்.

பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு புனிதன் வீடு வந்து சேர்ந்தார். ரந்தாவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய இரண்டு அறை வீடு. மனைவி நீலாவதி ஜொகூரில் இருந்தாள். மகள் லோகேஸ்வரிக்குக் குழந்தை பிறந்ததும் மூன்று மாதத்துக்கென்று போனவள்தான். இப்போது இரண்டாவது பேரனையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஃபிரிட்ஜில் நாலு முட்டையும் ஒரு கிச்சாப் சாஸ் பாட்டிலும் மட்டுமே இருந்ததால் இருபத்து நான்கு டின்களும் தாராளமாக உள்ளே போயின.

அன்று சாயங்காலம் ஒன்றைத் திறந்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். ருசியில் குறையில்லை. ஐம்பத்தேழு வயதுவரை அவர் தனியாகக் குடித்ததே இல்லை. டின்னைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நீலாவதிக்குப் போன் செய்தார். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "அந்தக் கருமத்தக் குடிக்காதீங்க, சோறு ஆக்கிச் சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புனிதன் டின்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். 'ஃபிரீ பியர். வாங்க' என்று எழுதினார். நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். முனியாண்டி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். வசந்தன், 'நைட் ஷிப்ட் லா மாமா' என்று எழுதினான். மூன்று நாள் வரைக்கும் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் அமலதாஸ் கூப்பிட்டார்.

புனிதனும் அமலதாசும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இருபது வருடம் சனிக்கிழமை தவறாமல் பெடாஸ் சீனன் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். இரண்டு வருடம் முன்பு அமலதாசுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். புனிதன் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார், அதோடு சரி. நோயைப் பார்த்துப் பயமில்லை. நடுவில் பாட்டில் இல்லாமல் அவனோடு என்ன பேசுவது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது.

"ஸ்டேட்டஸ் பாத்தேன். ஞாயித்துக்கெழம கொண்டு வா" என்றார் அமலதாஸ்.

"டேய், உனக்கு ஆகாதுடா!"

"நான் எங்கடா குடிக்கப் போறேன்? நீ குடி. நான் பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஐஸ் போட்ட வாளியில் ஆறு டின்களோடு புனிதன் பெடாஸில் அமலதாசின் வீட்டுக்குப் போனார். அமலதாஸ் வாசல் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார், முகம் மட்டும் ஊதியிருந்தது. பக்கத்து முக்காலியில் பேனாவால் கோடு போட்ட ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு நாளைக்கு அந்தக் கோடுவரைதான் அவர் தண்ணீர் குடிக்கலாம். மதியத்துக்குள்ளேயே முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

இரண்டு வருடம் ஏன் வரவில்லை என்று அமலதாஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது புனிதனுக்கு.

"தொற."

புனிதன் திறந்தார். கூரைத் தகரம் வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"இதக் கேக்கவாடா உன்ன வரச் சொன்னேன்? ஒழுங்கா சொல்லு."

புனிதன் இன்னொரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "மொதல்ல குளிர்ச்சி மட்டுந்தான். பல்லு கூசுது. பெறகு லீமாவ் கஸ்தூரி. தோலோட கடிச்ச மாதிரி."

"கசப்பு?"

"கடைசியில கொஞ்சம். உப்பு வந்து அத அமுக்கிடுது."

"நொரை?"

"மேலுதட்டுல சீக்கிரம் அடங்கிடுது. டைகர் பியர் மாதிரி நிக்கல."

அமலதாசின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. உள்ளே எதுவும் போகவில்லை, வெறுமனே விழுங்கினார். அதைப் பார்த்ததும் புனிதன் டின்னைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் வச்ச?"

"எறங்க மாட்டேங்குதுடா."

"எடு. இங்க வர்றவனெல்லாம் எங்கிட்ட அழுவுறான், இல்ல ஜெபம் பண்றான். நீயாவது குடிச்சுட்டுப் போ."

வாசற்படியில் அமலதாசின் மனைவி விக்டோரியா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கையிலிருந்த பூண்டுத் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"எனக்கு ஒண்ணு குடுங்கண்ணே."

இரண்டு ஆண்களும் திகைத்துப் போனார்கள். அவள் மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிக்கிறவள். பியர் இருக்கும் மேசைப் பக்கம்கூட வந்தவள் இல்லை.

"ரெண்டு வருஷமா இவரு முன்னால நான் பச்சத் தண்ணி குடிச்சதில்ல" என்றாள் புனிதனிடம். "தாகம் எடுத்தா பின்னால போயி, குழாய லேசாத் தொறந்து, சத்தம் கேக்காமக் குடிப்பேன். திருடி மாதிரி."

"எனக்குத் தெரியும்" என்றார் அமலதாஸ். "குழாய் சத்தம் கேக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கொய்யா டின் ஒன்றை வாளியிலிருந்து எடுத்துத் தானே திறந்தாள். கணவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்க மடக் மடக்கென்று குடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அமலதாஸ்.

"பூனை மூத்திரம்."

அமலதாஸ் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. விக்டோரியா எழுந்து முதுகைத் தடவிவிட்டாள். புனிதன் மீதியைக் குடித்து முடித்துவிட்டு, வெயில் தாழும்வரை இருந்து வீடு திரும்பினார்.

அதன்பின் ஞாயிறுதோறும் போனார். ஒரு நாளைக்கு ஒரு டின்தான் குடிப்பார். தர்பூசணி பியரை விவரிக்க மட்டும் இரண்டு ஞாயிறு ஆயிற்று. இனிப்பு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று அமலதாஸ் விடாமல் துளைத்தார். விக்டோரியா மறுபடி பியரைத் தொடவில்லை. ஆனால் ஒரு பெரிய கிளாசில் தண்ணீர் எடுத்து வந்து அவர்களோடு உட்கார்ந்து குடிப்பாள்.

ஏப்ரலில் அமலதாசின் மகன் மார்கஸ் கிள்ளானிலிருந்து வந்து, அப்பா அம்மா இருவரையும் அங்கேயே கூட்டிப் போகிறேன் என்றான். அங்கே டயாலிசிஸ் நிலையம் அவன் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். அம்மாவும் எத்தனை நாள் தனியாகச் சமாளிப்பாள் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அடுத்த சனிக்கிழமையே லாரி வந்தது. புனிதன் அலமாரியையும் கட்டிலையும் ஏற்றிக் கொடுத்தார். மாதா படத்தைத் துண்டில் சுற்றி விக்டோரியாவின் மடியில் வைத்தார்.

அமலதாஸ் மகனின் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"கிள்ளானுக்கு வா."

"வரேன்."

"வர மாட்ட. உன்னத் தெரியாதா எனக்கு?"

"வரேன்டா."

அமலதாஸ் கையை வெளியே நீட்டினார். ஊசி குத்தி ஊசி குத்தி நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. புனிதன் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டார்.

கார் முன்னால் போக, லாரி பின்னால் போக, புனிதன் மோட்டாரில் டோல் சாவடிவரை கூடவே வந்தார். நெடுஞ்சாலையில் மோட்டாருக்குக் காசு கிடையாது; கிள்ளான்வரைகூடப் போயிருக்கலாம். திங்கட்கிழமை காலை ஷிப்ட்டுக்கு ஒரு நாள் முழுதாக மீதியிருந்தது. ஆனாலும் டோலுக்கு முன்னால் ஓரமாக நிறுத்திக் காலை ஊன்றினார். காருக்குள்ளிருந்து ஒரு கை அசைந்தது. அது விக்டோரியாவுடையதா, அமலதாசுடையதா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவரும் கையை அசைத்தார்.