நடுத்தட்டின் பரிந்துரை

காலைமுதல் பெய்த மழை, சொல்லவந்ததைச் சொல்லி முடித்த பேச்சாளன்போல் நண்பகலில் ஓய்ந்திருந்தது. கூரை விளிம்பில் எஞ்சிய துளிகள் ஒன்றையொன்று முந்தாமல் முறைவைத்துச் சொட்ட, கல் பாவிய தெருவில் மிதிவண்டிகள் நீர்க்கோடு இழுத்துச் செல்ல, கடைத்தெரு வளையும் முனையில் செங்கல் நிறம் மங்கிய நூலகம் நனைந்த யானையெனக் குளிர்ந்து நின்றது. அதனுள் நுழைவோர் முதலில் காண்பது மூன்று தட்டுகள் கொண்ட பரிந்துரை அடுக்கையே. பணியாளர் மூவரும் ஆளுக்கொரு தட்டினைப் பொறுப்பேற்று, தாம் முதல் ஏடு தொட்டு இறுதி ஏடு வரை படித்த நூல்களை மட்டுமே அதில் நிறுத்தி, இன்னார்க்கு இஃது ஏற்குமெனக் கைப்பட ஓர் அட்டை எழுதிச் செருகுதல் அவ்விடத்து வழக்கம்.

சிறுவர் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில், சிறுவர் பகுதியைக் காக்கும் இளையவள், ‘ஏழு வயசுக்கு. சிரிச்சு வயிறு வலிச்சா நான் பொறுப்பில்லை’ என எழுதியிருந்தாள். மேல்தட்டில், நூல் வழங்கும் முதியவர் துப்பறியும் கதையொன்றின்மேல், ‘அடுப்பில் பால் இருக்கும்போது தொடங்காதீர்’ என்றிருந்தார். அவ்விரு தட்டுகளும் நாள்தோறும் வெறுமையாகி நாள்தோறும் நிறைந்தன. நடுத்தட்டு மட்டும் குளத்து நீர்போல் அசைவற்றிருந்தது. அது நூற்பட்டியல் வகுப்பவளுக்கு உரியது. எதனையும் குறையாக விடாத அவளை உடன்பணியாளர் ‘முற்றுப்புள்ளி’ என்றே அழைத்தனர். கடற்பயணம், எறும்பின் வாழ்வு, முதியோர்க்கான பாக்கள் என அவள் தேர்ந்த நூல்கள் யாவும் நல்லனவே. அவற்றின் அட்டைகளும் இருபக்கமும் நிரம்பிப் பிழையின்றி ஒளிர்ந்தன.

அன்று காலை தலைமை நூலகர் அவளருகே வந்து நின்றார்.

“இன்னைக்குக் கதவு சாத்துறதுக்குள்ள நடுத்தட்டுல இருந்து ஒரு புத்தகமாவது போகணும்மா. இல்லேன்னா நாளைக்கு அங்க செய்தித்தாள் வச்சிடுவோம். வருத்தப்படாதீங்க.”

“வருத்தமெல்லாம் இல்லைங்க மேடம். போகும்.”

போகும் என்ற அச்சொல்லைக் கல்லில் வெட்டியதுபோல் நெஞ்சில் நிறுத்தி, அவள் வாயிலையே நோக்கியிருந்தாள். பிற்பகலில், எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் நுழைந்து, கடற்பயண நூலின் அட்டையை எடுத்து, நின்றபடியே படித்து, கண் கலங்கி, பெருமூச்செறிந்து, அட்டையையும் நூலையும் இருந்தவாறே வைத்துத் திரும்பினார். அவள் எழுந்து வந்து வழிமறித்தாள்.

“ஏன் ஐயா வச்சிட்டீங்க? பிடிக்கலையா?”

“பிடிக்கலையாவா? அந்த மாலுமி கடைசியில விளக்கைத் தானே அணைச்சான் பாருங்க, மனசே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நடுத்தட்டு மொத்தமும் இப்படித்தாங்க படிச்சு முடிச்சேன்.”

“புத்தகத்தையா?”

“அட்டையைம்மா! நீங்கதான் சாறு பிழிஞ்சு குடுத்துடுறீங்களே, சக்கையை வேற தூக்கிட்டுப் போகணுமா?” எனச் சிரித்தபடி அவர் செய்தித்தாள் அறைக்குள் சென்றார்.

கேட்டிருந்த இளையவளால் அடக்க இயலவில்லை. “வாசல்லயே பந்தி வச்சா உள்ள யாரு வருவாக்கா?”

கற்றறிந்தோரே, தன் குறையைத் தன் நிறையென நெடுநாள் போற்றியவள், அஃது உடையும் ஓசையை எவ்வாறு தாங்குவாள்? அவள் அழவில்லை, சினக்கவுமில்லை. நடுத்தட்டின் அட்டைகள் அனைத்தையும் உருவி எடுத்துப் புதிதாக எழுத அமர்ந்தாள். ‘பன்னிரண்டு வயதுக்கு: புற்றில் ஒருநாள் அரசி எறும்பைக் காணவில்லை’ என்று எழுதி நிறுத்துமுன், கை பழக்கத்தால் எஞ்சியதையும் எழுதத் தாவியது, கிழித்தாள், மீண்டும் எழுதினாள். ஓடும் குதிரையைக் கடிவாளம் இழுத்துப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்துவதினும் கடிதாயிருந்தது, அத்தொழில். மருந்துக்கடைக்காரர் அறியாத நூலொன்று வேண்டுமே என எண்ணி, மாடிக்குச் சென்று, தான் முன்பு படித்து மறவாத நூலைத் தேடிக் கொணர்ந்து நடுவில் நிறுத்தி எழுதினாள்: ‘ஐம்பது கடந்தோர்க்கு: வீட்டின் நடுவே தம்பி எழுப்பிய சுவருக்கு அப்பாலிருந்து யாரோ கதவு தட்டும் ஓசை. சுவரில் கதவே இல்லை.’

மாலை மங்க, பலகணிகள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்பட, செய்தித்தாள் அறையிலிருந்து வெளியேற வந்த மருந்துக்கடைக்காரர் அங்கே நின்றார். அட்டையைப் படித்தார், புரட்டினார், மறுபுறம் வெறுமை.

“பின்பக்கம் எழுத மறந்துட்டீங்களாம்மா?”

“மறக்கலைங்க.”

“அப்போ தட்டினது யாரு? அண்ணனா?”

விடை அவள் நாவின் நுனிவரை வந்து நின்றது. கேட்டதற்கு விடை மறுத்தறியாத வாழ்வு அது.

“சும்மா சொல்லுங்கம்மா, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

அவள் இதழ்களை இறுக்கினாள்.

“தலையாவது ஆட்டுங்க!”

கழுத்தும் அசையவில்லை. கதவு சாத்தும் மணி ஒலித்தது. முதியவர் முத்திரையைக் கையிலெடுத்துக் காத்திருந்தார்.

“இப்படியும் ஒரு கல்நெஞ்சா! குடுங்கம்மா அதை!” என்று தாமே நூலைப் பற்றிச் சென்று, முத்திரையின் ஈரம் உலருமுன் முதல் ஏட்டைத் திறந்து, படித்துக்கொண்டே நடந்து கதவில் இடித்துக்கொண்டார். தலைமை நூலகர் அதனைக் கண்டு, “செய்தித்தாளுக்கு வேற இடம் பாக்கணும் போல,” என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

அறிந்ததை உரைத்தல் யார்க்கும் எளிது. பிறன் சென்று காணவேண்டிய இடத்தை அவனுக்கே ஒதுக்கி, தான் வழியோரம் ஒதுங்கி நிற்றலே அரிது. விளக்கொளியில், நூல் அகன்ற இடைவெளிமேல் அருகிருந்த நூல் மெல்லச் சாய்ந்தது. அவள் அதனைக் கண்டாள், நிமிர்த்தவில்லை.