விதைப்புழு

அன்று பிற்பகல் கோவில்பத்து வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள்: பிரம்பு நாற்காலியில் குஞ்சிதபாதம், அந்த வீட்டுக்கும் விழிதியூர் நிலத்துக்கும் சொந்தக்காரர். அவருக்கு எதிரே மடக்கு நாற்காலியில் டாக்டர் கைலாசநாதன், கால்மாட்டில் சொட்டும் குடையோடு. ஊஞ்சலில் குஞ்சிதபாதத்தின் அக்கா அஞ்சுகம், தாயில்லாப் பெண்ணின் கல்யாண வேலைகளைப் பார்க்கத் திருவாரூரிலிருந்து வந்தவள். தூணில் சாய்ந்து தரையில் அந்தக் கல்யாணப் பெண் ஞானசௌந்தரி, மூச்சு விடுவதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டு. கொல்லைக்குப் போகும் நடையின் படியில், கூடத்துக்குள்ளும் இல்லாமல் வெளியிலும் இல்லாமல், அந்த வீட்டுக் கொல்லையைக் கூட்டுகிற அல்லி. அவள் வயிற்றில் ஐந்து மாதம். அதே வயிற்றில் இன்னும் சிலதும் இருந்தன. அவற்றைப் பற்றிப் பேசத்தான் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

அல்லிக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் தோன்றவில்லை. முந்தானையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். முடிச்சுக்குள் ஒரு காகிதப் பொட்டலம். காலையில் விழிதியூருக்கு வந்த நர்சம்மா கையில் திணித்தது.

"இது ரத்த மாத்திரை. இது பூச்சி மாத்திரை. பூச்சி மாத்திரைய இன்னிக்கே ஆரம்பி," என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "சுண்ணாம்படிச்ச செவுரு மாதிரி இருக்கு உள்ள. போன தடவை மாதிரி டிமிக்கி குடுத்தே, இந்தத் தடவ புள்ள மட்டும் போவாது. நீயும் சேந்து போயிடுவே."

மாத்திரை போட அல்லி தண்ணீர் மொள்ளக் குனிந்தபோதுதான் கோவில்பத்திலிருந்து ஆள் வந்தது. புருஷன் மருதையன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். மழை தூறிக்கொண்டே இருந்தது. வழி முழுக்க அவன் ஒரே பாட்டைப் பாடினான்.

"அய்யா என்ன கேட்டாலும் தலையாட்டு. மோட்டார் கொட்டாய நம்மள நம்பி வுட்டுருக்காரு. மறந்துடாத."

"என்னா கேப்பாருன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். அதான் சொல்றேன்."

"ஒன் வயித்துலயுந்தான் புழு இருக்கு. நீ குடேன்."

"என்னுதுல என்னென்னமோ கலந்துருக்காம். ஒன்னுதுதான் சுத்தம்னு டாக்டரே சொல்லிட்டாரே. பெரிய எடத்துச் சரக்கு," என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "தை வரைக்குந்தானே," என்றான். இப்போது அவன் தெருவில், சைக்கிளைப் பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். ஞானசௌந்தரிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஐப்பசி பிறந்தால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவார்கள். ஊசி, கஷாயம், வேண்டுதல், எல்லாம் பார்த்தாயிற்று. பெண் பார்க்க வந்தவர்களின் எதிரிலேயே இழுத்து, இரண்டு சம்பந்தம் பஜ்ஜி ஆறுவதற்குள் எழுந்து போயின.

டாக்டர் கைலாசநாதன் சில வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருக்கு வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகைகள் தபாலில் வரும். ஒன்றில் படித்தார்: இங்கிலாந்தில் ஒரு ஆராய்ச்சிக்காரர் கொக்கிப்புழுவைத் தன் உடம்பில் தானே ஏற்றிக்கொண்டாராம். கோடைதோறும் அவரைப் படுத்திவந்த தும்மலும் மூக்கொழுகலும் அதோடு நின்றனவாம். டாக்டர் பத்திரிகையை மூடிவிட்டு யோசித்தார். விழிதியூர் வயலில் வெறுங்காலோடு இறங்குகிற சனத்தில் இழுப்பு என்று ஒருத்தரும் அவரிடம் வந்ததில்லை. சோகை என்று வந்தவர்கள்தான் அதிகம்.

எழுபத்தெட்டு தை மாதத்தில் ஏழெட்டுப் பேரின் மலத்தைச் சோதித்தார். கொக்கிப்புழுவைத் தவிர வேறு கெடுதல் இல்லாதது அல்லியுடையது மட்டும். அதைக் கொட்டாங்குச்சியில் எடுத்துக்கொண்டுபோய்க் கரித்தூளோடு ஈரமாகப் பிசைந்து வைத்தார். நாலு தடவை வைத்ததில் இரண்டு பூஞ்சை பிடித்துக் கெட்டன. மற்ற இரண்டில் கண்ணுக்குத் தெரியாத குட்டிகள் பொரிந்தன. அந்தத் தண்ணீரில் நனைத்த துணியை ஞானசௌந்தரியின் கையில் கட்டினார். அவை தோலைத் துளைத்து உள்ளே போயின. கொஞ்ச நாள் அரிப்பு, கொஞ்ச நாள் இருமல். அப்புறம் அந்த ஐப்பசி வந்தது, போயிற்று. விசில் ஊதவில்லை.

வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று குஞ்சிதபாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை, கூடப்பிறந்தவளிடமும்கூட. ஆனால் அல்லியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். "விதைநெல்ல எவனாவது அரைச்சுத் திம்பானா? மறுபடி வேண்டியிருந்தாலும் இருக்கும். நர்சு மாத்திரை குடுத்தா வாங்கிக்க. முழுங்காத."

அவள் முழுங்கவில்லை. அரிசி புடைக்கும்போது பச்சரிசியை அள்ளி மென்றாள், அடுப்பு மண்ணைப் பெயர்த்துத் தின்றாள், நாற்று முடியைத் தூக்கினால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வருஷம் ஆடியிலேயே, ஏழாம் மாதத்தில், பிள்ளை பிறந்தது. பெண். அழவில்லை. மருதையன் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். ரத்தம் இல்லாததால்தான் என்று நர்சம்மா சொன்னாள். அல்லி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முன்பெல்லாம் ஞானசௌந்தரி கொல்லையில் அவளைப் பார்த்தால் கேலி செய்வாள். "ஒன் புள்ளைங்கல்லாம் எனக்குள்ள குடித்தனம் பண்ணுது அல்லி." அல்லியும் விட மாட்டாள். "குடக்கூலி கேட்டு வாங்குங்க சின்னம்மா." ஆடிக்குப் பிறகு சின்னம்மா அந்தக் கேலியை விட்டுவிட்டாள். அல்லி கூட்டுகிற நேரத்தில் கொல்லைப்பக்கம் வருவதையும் விட்டுவிட்டாள்.

தையில் கல்யாணம் என்று இப்போது நிச்சயமாகியிருந்தது. இந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் அஞ்சுகம் வந்திறங்கினாள். கல்யாணப் பெண்ணுக்கு வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மருந்துக்கடையில் நல்ல பூச்சி மருந்தாகக் கேட்டு வாங்கி, மருமகளுக்குச் சர்க்கரையில் வைத்துக் கொடுத்து, மறுநாள் விளக்கெண்ணெயும் புகட்டினாள். என்ன மருந்து என்று ஞானசௌந்தரி கேட்டதற்கு, "சொன்னா குடிக்கவா போறே," என்று மூக்கைப் பிடித்தாள். ஐப்பசி மழை பிடித்தது. நெஞ்சில் விசில் திரும்பி வந்தது.

"சுத்தி வளைக்க வேணாம் அல்லி," என்றார் குஞ்சிதபாதம். அவருடைய ஒரு கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. "போன தடவை மாதிரிதான். தை வரைக்கும். அதுக்கப்புறம் எந்த மாத்திரைய வேணா முழுங்கிக்க."

"அது என்னடா போன தடவை?" என்றாள் அஞ்சுகம்.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். ஊஞ்சல் நின்றது.

"இவளுதா? இவ வயித்துலேருந்தா?"

"அக்கா, மெதுவா."

"என்னத்த மெதுவா. கொல்லை மாடத்துல இவளுக்குத் தனி டம்ளர் வச்சுருக்கோம்டா."

ஞானசௌந்தரி சிரிக்க முயன்றாள். அது இருமலாக முடிந்தது. "அத எடுத்து... உள்ள வச்சுடுங்க அத்தை. இனிமே ஒட்டுறதுக்கு... ஒண்ணும் பாக்கியில்ல."

"நீ பேசாத. மூச்சு வாங்குது பாரு."

"நீங்க குடுத்த மருந்துலதான் வாங்குது."

"எனக்கு யார் சொன்னா?" அஞ்சுகம் தம்பியைப் பார்த்தாள். "வயித்தச் சுத்தம் பண்ணாம எந்த வீட்டுல பொண்ண மணையில ஒக்கார வைக்கிறாங்க? நான் எல்லாரும் பண்றதத்தான் பண்ணேன். நீங்க பண்ணதத்தான் ஒலகத்துல எவனும் பண்ணல."

மழை ஓட்டின் மேல் பலத்தது.

"எனக்கு மாசியிலங்க," என்றாள் அல்லி.

"என்னது?"

"பேறுகாலம். மாசியில."

குஞ்சிதபாதம் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தொண்டையைச் செருமினார். "ரத்தத்துக்கு மாத்திரை தர்றேம்மா. அத சாப்பிடு. பூச்சி மாத்திரைய மட்டும் தள்ளிப்போடு. ரத்தம் ஏறும்."

"ஏறுமாங்க?"

"கொஞ்சம் ஏறும்."

"போன தடவையும் டானிக்கு குடுத்தீங்க."

"குடுத்தேனே. குடிக்கலியா?"

"குடிச்சேங்க. காலி பாட்டுல் வூட்டுல இருக்கு. மண்ணெண்ண ஊத்தி வச்சுருக்கேன்."

டாக்டர் குடையை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

"ஒரு தடவ இப்ப குடுத்துட்டுப் போயி மாத்திர போட்டுக்கறேங்க," என்றாள் அல்லி. அதற்குமேல் அவளுக்கு வழி தெரியவில்லை.

"ஒரு தடவைல பொரிச்சுடும்னு சொல்ல முடியாதும்மா. மழைக்காலம் வேற, பூஞ்சை புடிக்கும். உள்ள போனதும் நிலைக்கணும். அது வரைக்கும் நீ வேணும்."

"வேற யாருகிட்டயும் இல்லீங்களா?"

"திரும்ப ஊரெல்லாம் சோதிச்சுக்கிட்டு இருந்தா பத்து வாய்க்குத் தெரியும்," என்றார் குஞ்சிதபாதம். "நீ இங்கயே இருந்துடு. மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்து ரூம ஒழிச்சுத் தர்றேன். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், எது வேணுமோ தின்னு. வேலை கிடையாது. அந்த நர்சும் ஒன்னத் தேடி இங்க வரப்போறதில்ல."

கடைசி வாக்கியம்தான் அல்லியின் காதில் தங்கியது. அந்த அறை அவளுக்குத் தெரியும். வைக்கோல் வைக்கிற அறை. நாதாங்கி வெளிப்பக்கம். இந்தக் கூடத்தில் தான் 'மாட்டேன்' என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். மோட்டார் கொட்டகை போகும். மருதையன் இரண்டு நாள் பேச மாட்டான், மூன்றாம் நாள் அடிப்பான். 'சரி' என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை நினைக்க வேண்டியிருக்கவில்லை. அது துண்டில் சுற்றியிருந்தது.

"என்ன சொல்றே?"

வயிற்றில் உதைத்தது. அல்லி வாயைத் திறந்தாள். எந்த வார்த்தை வரப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"மொதல்ல இன்னிக்கு உள்ளது ஆவட்டும்," என்று ஞானசௌந்தரி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கொட்டாங்குச்சி கொல்லையில இருக்கு. நான் எடுத்துத் தர்றேன்."

"நீ எதுக்கு எந்திரிக்கிறே?"

"எனக்குத்தானே... வேணும்."

நடை இருட்டாக இருந்தது. முன்னால் போன ஞானசௌந்தரி சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். ஒவ்வொரு மூச்சும் ஓட்டையான சைக்கிள் பம்பை அடிப்பது போலக் கேட்டது. கொல்லைக் கதவருகே செம்பும் குடமும் இருக்கும் மேடையில் கையை ஊன்றி நின்றாள்.

"மாத்திரை குடுத்தாளா நர்சு?"

அல்லி முடிச்சை இறுக்கிப் பிடித்தாள்.

"புடுங்க மாட்டேன். போடு. எனக்கு முன்னால போடு."

"சின்னம்மா, ஒங்களுக்கு..."

"எனக்கு என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். பேச வைக்காத. மூச்சு இல்ல."

அல்லி பொட்டலத்தைப் பிரித்தாள். எது பூச்சி மாத்திரை என்று நர்சம்மா சொன்னது ஒரு கணம் மறந்து, பிறகு ஞாபகம் வந்தது. ஞானசௌந்தரி செம்பில் மொண்டாள். அல்லி எப்போதும் போல இரண்டு கையையும் ஏந்தினாள். ஞானசௌந்தரியும் எப்போதும் போல ஊற்றினாள். மாத்திரை தொண்டையில் ஒட்டிக்கொண்டு கசந்தது. இன்னொரு முறை ஊற்ற வேண்டியிருந்தது.

"மிச்சத்தையும் விடாம போடு."

"அய்யா மோட்டார் கொட்டாய வாங்கிடுவாருங்க."

"வாங்குவாரு."

ஞானசௌந்தரி குனிந்து முழங்காலில் கையை வைத்து இரண்டு மூச்சு இழுத்தாள். பிறகு கொல்லைக் கதவின் தாழை நீக்கினாள். சாரல் உள்ளே அடித்தது.

"இது நல்ல மனசுல பண்றேன்னு நெனைக்காத. இன்னிக்கு பகல்ல கொஞ்சம் புத்தி இருக்கு, அவ்வளவுதான். நல்லா இழுத்துச்சுன்னா எனக்கு மானம் ரோசம் ஒண்ணும் இருக்காது. ஆளனுப்புவேன். நானே வந்து ஒன் கால்ல விழுந்தாலும் விழுவேன். நீ குடுத்துடுவே. எனக்குத் தெரியும், நீ குடுத்துடுவே. அதுக்குள்ள ஒன் வயித்துல புள்ளையத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. போ."

அல்லி படியிறங்கினாள். சேறு விரலிடுக்கில் பிதுங்கியது. சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனால் மருதையன் நிற்பான், அவனிடம் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. கும்பிடலாமா, ஏதாவது சொல்லலாமா என்று திரும்பினாள். ஞானசௌந்தரியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் அல்லியைப் பார்க்கவில்லை, கதவில் தொங்கிய சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்திலிருந்து குஞ்சிதபாதத்தின் குரல் வந்தது. "என்ன, ஆச்சா?"

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. அந்தப் பக்கம் அந்த ஓட்டைப் பம்பு அடிக்கும் சத்தம் மூன்று நாலு தடவை கேட்டது, பிறகு சாவி பூட்டுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.