மூத்தவர் எழுந்த பிறகு

ரயீசா ஜன்னலோரத்தில் நின்று காலி தயிர்க் கோப்பைகளில் தக்காளி விதை ஊன்றிக்கொண்டிருந்தபோதுதான் ருஸ்லானாவின் கைப்பேசிக்கு விமானச் சீட்டு வந்து சேர்ந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து: அவளுக்கு, மகள் உல்யானாவுக்கு, மாமியார் ரயீசாவுக்கு. வார்சாவில் ஏறி கனடாவில் இறங்க வேண்டும். மார்ச் முடிவதற்குள் வந்து சேர்ந்தால்தான் வீட்டுக்கும் வேலைக்கும் உதவி கிடைக்கும், அதற்கப்புறம் வந்தால் நம் பாட்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே வின்னிபெக்கில் இருக்கும் அவள் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"அத்தை, சீட்டு வந்துடுச்சு."

"அந்தத் தண்ணிக் குவளையை இப்படித் தள்ளு" என்றாள் ரயீசா.

அவ்வளவுதான் பதில். ருஸ்லானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குவளையைத் தள்ளிக் கொடுத்தாள்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பிப்ரவரி பிறந்துவிட்டால் கை சும்மா இருக்காது. வெளியே பனி கொட்டினால் கொட்டட்டும், ஜன்னல் திட்டில் நாற்று விட்டாக வேண்டும். மே மாதம் தோட்டத்தில் நட, ஆகஸ்டில் பறிக்க, மிச்சத்தைப் புட்டியில் போட்டு மூடிக் குளிர்காலத்துக்கு வைக்க. போர் வந்து, சொந்த ஊர் ஓரிஹிவில் அவர்கள் தெருவில் குண்டு விழுந்த அன்றைக்கு ரயீசா கம்பளிக் கோட்டைக்கூட மறந்துவிட்டு, மாட்டு இதயம் என்று எங்கள் ஊரில் பெயர்பெற்ற அந்தப் பெரிய தக்காளியின் விதை முடிச்சை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள். எல்லை தாண்டி இந்த லூப்ளின் வந்து சேரும்வரை குளிரில் வெடவெடவென்று நடுங்கினாள். விதை முடிச்சு மட்டும் மார்போடு கதகதப்பாக இருந்தது.

ஒரு காலத்தில் மாணவர் விடுதியாக இருந்து, இப்போது அகதிகள் தங்கும் அந்தக் கட்டடத்தில் யார் எங்கே போவது என்பதெல்லாம் பொதுச் சமையலறையில்தான் முடிவாகும். அங்கே கெர்சோன்காரி ஜோயாவின் ராஜ்ஜியம். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே உலகத்தைப் பங்கு பிரிப்பாள்.

"ஜெர்மனிக்குப் போனியா, பாஷை படிச்சே முடி நரைச்சுடும். அயர்லாந்துல துணியே காயாது. கனடா தேவலைதான், ஆனா எங்க நாத்தனார் வீட்டுக் குப்பைத்தொட்டியில கரடி வந்து சாப்பிட்டுட்டுப் போகுதாம்."

"நீ எங்கக்கா போகப்போற?" என்று கேட்டாள் ருஸ்லானா.

"நானா? வீட்டுக்குத்தான். தினம் காலையில கிளம்பறேன், சாயங்காலம் பார்த்தா இதே அடுப்புகிட்டதான் நிக்கறேன்" என்று ஜோயா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன் மாமியா வர்றாளா?"

ருஸ்லானா இன்னொரு கத்தியை எடுத்துக் கிழங்கு சீவ ஆரம்பித்தாள். போருக்குப் போன கணவன் விதாலியைப் பற்றி ஒன்றரை வருடமாக எந்தத் தகவலும் இல்லை. செத்தவர் பட்டியலிலும் இல்லை, சிறையில் இருப்பவர் பட்டியலிலும் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை, இல்லை என்று நினைக்கவும் மனசு வரவில்லை. ஆனால் உல்யானா மூன்று வருடத்தில் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். ராத்திரி தூக்கத்தில் ஒரு பாதி போலிஷிலும் ஒரு பாதி நம் மொழியிலும் உளறுகிறாள். குழந்தை ஒரு இடத்தில் வேர் பிடிக்க வேண்டாமா?

நாற்று முளைத்தது. இரண்டு இலை விட்டது. ரயீசா தினமும் கோப்பைகளை வெயில் பக்கம் திருப்பி வைத்தாள், அவற்றோடு பேசினாள். மருமகளிடம் பேசுவதைவிட அதிகமாகவே பேசினாள். ஒருநாள் பெட்டி அடுக்க இடமில்லாமல் ருஸ்லானா கோப்பைகளை நகர்த்தப்போனபோது, "மெதுவா, தண்டு ஒடிஞ்சிடும்" என்று சத்தம் வந்தது. அதோடு ருஸ்லானாவின் பொறுமை போய்விட்டது.

"இதையெல்லாம் எந்த மண்ணுல நடப்போறீங்க அத்தை? தோட்டம் பூராவும் கண்ணிவெடி. காலை வைக்க முடியாது."

"மே மாசத்துக்கு இன்னும் நாள் கிடக்கு."

"நாம மே மாசம் இங்க இருக்க மாட்டோம்."

"நீங்க இருக்க மாட்டீங்க. நான் இங்கதான் இருப்பேன். இங்கேருந்து ரயிலேறினா ஊர்ப்பக்கம் போயிடலாம். அங்கேருந்து வரணும்னா கடலைத் தாண்டணும்." ரயீசா மண் ஒட்டிய விரலை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். "என் பிள்ளை வந்து கதவைத் தட்டினா யார் திறக்கறது?"

"தட்டறதுக்குக் கதவே இல்லையே அத்தை!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய படத்தில் அவர்கள் வீட்டின் சுவர் ஒன்று மட்டும்தான் நின்றிருந்தது. அந்தப் படத்தை ஜோயாவுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, மாமியாரிடம் காட்டாமல் மறைத்து வைத்திருந்தாள். ரயீசா மெல்லத் திரும்பினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தெரியும்டி. ஜோயா காட்டிட்டா."

மறுபடியும் அவளே பேசினாள். "அன்னிக்கு நான் சட்டுனு எழுந்துட்டேன்."

என்றைக்கு என்று ருஸ்லானா கேட்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி, வீட்டிலிருந்து யாராவது தூரப் பயணம் கிளம்பினால், போகிறவர்களும் இருக்கிறவர்களும் பெட்டியின்மேலோ நாற்காலியிலோ கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வேண்டும். வீட்டில் மூத்தவர்தான் முதலில் எழுந்து "சரி, கடவுள் துணை" என்று சொல்ல வேண்டும். அதுவரை யாரும் அசையக்கூடாது. அவசரப்பட்டு எழுந்துவிட்டால் போகிறவர் திரும்பி வர மாட்டார் என்பார்கள். விதாலி ராணுவத்துக்குக் கிளம்பிய அன்றைக்கும் உட்கார்ந்தார்கள். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அடுப்பில் வெந்துகொண்டிருந்த முட்டை ரயீசாவுக்கு ஞாபகம் வந்தது. வழியில் தின்னட்டும் என்று கட்டிக்கொடுக்க, உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்து ஓடினாள்.

"முட்டைக்காக எழுந்தேன். பாவி. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தா என்ன குறைஞ்சா போயிருக்கும்?"

"அதனாலயா அத்தை? குண்டு போடறவன் அங்க இருக்கான், நீங்க உங்களைத் திட்டிக்கறீங்களே" என்று ருஸ்லானா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவளும் அந்த அவசர நொடியை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து அழுதவள்தான். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் மண் வாசனை அடித்தது. இவளை விட்டுவிட்டுப் போனால் சோறு இறங்குமா என்று தோன்றியது. போகாமல் இருந்தால் உல்யானாவின் முகத்தைப் பார்க்க முடியுமா என்றும் தோன்றியது.

கிளம்பும் நாள் வந்தது. ருஸ்லானா மூன்று பெட்டிகளைக் கதவருகே வைத்திருந்தாள். மூன்றாவது பெட்டியை மாமியாரைக் கேட்காமல் அவளே அடுக்கியிருந்தாள். இங்கே வந்து வாங்கிய கம்பளிக் கோட்டு, ரத்த அழுத்த மாத்திரை, விதாலியின் படம். ரயீசா அதைப் பார்த்தாள், வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டுச் செருப்போடுதான் நின்றிருந்தாள்.

ஜோயா வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். "தக்காளியை நான் பார்த்துக்கறேன். கரடிக்குப் போட மாட்டேன், பயப்படாதே" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும்தான்.

"பாட்டி, உட்காரணும்" என்றாள் உல்யானா. அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

ருஸ்லானா ஒரு பெட்டியில் உட்கார்ந்தாள், உல்யானா இன்னொன்றில். ஜோயாகூட வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ரயீசா ஜன்னல் திட்டிலிருந்து நாற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். அறையில் நாற்காலி இருந்தது, கட்டில் இருந்தது. அவள் மூன்றாவது பெட்டியின்மேல் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

நாற்றுகளின் பச்சை வாசனை லேசாக வந்தது.

கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

உல்யானா பாட்டியைப் பார்த்தாள். ருஸ்லானாவும் பார்த்தாள். அத்தை எழுந்தால் எதற்காக எழுவாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவுக்கா, ஜன்னலுக்கா? நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. விமானம் போனால் போகட்டும், இந்தத் தடவை யாரும் இவளை அவசரப்படுத்தக் கூடாது என்றுதான் அவளுக்குப் பட்டது.

ஹாரன் மறுபடியும் அடித்தது, இந்தத் தடவை நீளமாக.

ரயீசா சாய்ந்திருந்த ஒரு நாற்றை விரலால் நிமிர்த்திவிட்டு, அதன் அடியில் மண்ணை அழுத்தினாள். எழுந்திருக்கவில்லை.