படுத்துப் பார்த்த வீடு

என் அண்ணன் இருபத்திரண்டு வருடம் பல் மருத்துவமனைகளுக்கு உள் அலங்காரம் செய்தவன். நாற்காலி எங்கே, விளக்கு எங்கே, காத்திருப்பவர்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவன் வேலை. அவன் இருந்த நிறுவனம் அந்தப் பிரிவையே இழுத்து மூடியது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சுருட்டிய வரைபடங்களோடு வீட்டுக்கு வந்தவன் அதன் பிறகு இரண்டு மாதம் வாசலைத் தாண்டவில்லை.

அண்ணி எனக்கு போன் செய்தார். "சமையல் ரூம் டிராயரை மூணாவது தடவை மாத்தி அடுக்கறார். கரண்டி எங்க இருக்குன்னு இப்ப எனக்கே தெரியல. ஏதாவது வேலை குடுத்து உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போ. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அப்போதுதான் நானும் என் கணவரும் மலையில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தோம். இரண்டு அறை, ஒரு கூடம், தகரக் கூரை. விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். உள்ளே நுழைந்தால் காட்டுக்குள் கதகதப்பாகச் சுருண்டு படுத்ததுபோல இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அலங்கார வேலையை அண்ணனிடம் கொடுக்கலாம் என்றதும் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உங்க அண்ணனா? ஹால் நடுவுல வாய் கொப்பளிக்கத் தொட்டி வச்சிடுவார்."

"வச்சா வச்சுட்டுப் போறான். வர்றவங்க பல் தேய்ச்சுக்கட்டும்."

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, எனக்கும் உள்ளூர நம்பிக்கை இல்லை. பாவம் பார்த்துக் கொடுத்த வேலைதான் அது.

பத்திரிகைகளிலிருந்து நான் கிழித்துச் சேர்த்திருந்த படங்களை அண்ணன் வாங்கிக்கொண்டு போனான். பச்சைச் சுவர், பட்டையோடு இருக்கும் மரத்துண்டு முக்காலி, குருவிக்கூடு மாதிரி விளக்கு. ஒன்று விடாமல் அப்படியே செய்தான். கூடத்தில் குளிர்காய இருந்த அடுப்புக்கு எதிர்ச்சுவரில், ஈரப் பாசியைப் பலகைகளில் பதித்து மேலிருந்து கீழ்வரை மாட்டினான். படம் எடுத்தால் அள்ளிக்கொண்டு போகும் அழகு. கணவரின் நண்பர் குடும்பத்தை இரண்டு நாள் தங்கிப் பார்க்கச் சொன்னோம். மறுநாள் காலை பத்து மணிக்கே அவர்கள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள்.

நண்பர் நாகரிகமானவர், மென்று முழுங்கினார். அவர் மனைவிதான் சொன்னார். "பாசியிலேர்ந்து என்னென்னமோ ஊர்ந்து வருது. முக்காலிப் பட்டையில மாட்டி இவர் பேன்ட் கிழிஞ்சுது. அதுகூடப் பரவாயில்ல. மழை வந்தா தகரத்துல அடிக்கற சத்தத்துல ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்கல. சண்டைகூடப் போட முடியல."

பத்தே நாளில் அடுப்பின் சூட்டில் பாசி பழுப்பாகிக் கொட்டியது. அந்தக் குப்பையைப் பெருக்கும்போதே கணவர் பேச்சை எடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க மச்சான். இது வேற மாதிரி வேலை. இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க."

அண்ணன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். "ஒரு மாசம் குடுங்க மாப்பிள்ளை."

"திரும்பவுமா?"

"இது அவ கிழிச்சு வச்ச படம். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

குரல் உயரவில்லை, கெஞ்சவும் இல்லை. கணவர் சரி என்றார். ஆனால் நாங்கள் இருவரும் காரில் திரும்பும்போது, ஓர் உள் அலங்காரக் கம்பெனியிடம் இப்போதே வரைபடம் வாங்கி வைப்பது நல்லது என்றார். அண்ணனுக்குத் தெரியாமல் அந்தக் கம்பெனிக்கு போன் செய்தவள் நான்தான்.

அடுத்த வாரமே அண்ணன் ஒரு போர்வையோடும் ஒரு நோட்டோடும் மலைக்குப் போய்த் தங்கிவிட்டான். நான்காவது நாள் மளிகைச் சாமான் எடுத்துக்கொண்டு நான் போனேன். கதவு திறந்திருந்தது. கூடத்துத் தரையில் மல்லாந்து கிடந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னண்ணா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. பக்கத்துல படு."

"எதுக்கு?"

"படுத்து என்ன தெரியுதுன்னு சொல்லு."

பையை இறக்கிவிட்டுப் படுத்தேன். தகரத்துக்குக் கீழே முந்தைய சொந்தக்காரர் அடித்திருந்த பிளாஸ்டிக் உட்கூரை தெரிந்தது. இணைப்புகளில் கறுப்பாக அழுக்கு. நடுவில் டியூப்லைட், நேராகக் கண்ணில் இறங்கியது.

"நல்லாவே இல்ல" என்றேன்.

"பல்லு பிடுங்க வர்றவன் அரை மணி நேரம் இப்படித்தான் கிடப்பான். அவன் பாக்கறது ஒரே இடம், கூரை. சுவத்துல மாட்டியிருக்கற படத்தையெல்லாம் டாக்டர்தான் பாப்பார். நான் இத்தனை வருஷம் பண்ணின வேலை கூரைக்குத்தான். லீவுக்கு வர்றவனும் படுக்கத்தான் வர்றான். நாம நிக்கறவனுக்கு வீடு பண்ணி வச்சிருக்கோம்."

பிறகு கட்டிலில் படுக்கச் சொன்னான். ஜன்னல் உயரத்தில் இருந்ததால் வெறும் வெள்ளை வானம் தெரிந்தது. எழுந்து நின்றால்தான் சரிவும் மரங்களும் பெரணிச் செடிகளும் இருப்பதே தெரியும். அவனுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். கண் விழித்ததிலிருந்து முதல் காப்பி குடிக்கும்வரை கை படும் இடங்கள் என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தான். கட்டில் ஓரம், தாழ்ப்பாள், கதவுக் கைப்பிடி, படிக் கம்பி, குழாய். பெரும்பாலானவற்றுக்கு எதிரே 'இரும்பு, சில்லென்று இருக்கிறது' என்று குறித்திருந்தான்.

"பயந்துட்டு வர்றவனுக்குக் கை வைக்க நல்ல இடம் வேணும். அது கிடைச்சுட்டா பாதி பயம் போயிடும். குளிர்ல வர்றவனுக்கும் அதேதான்" என்றான். பேனா மை தீர்ந்துவிட்டது என்று சொல்லி, வேறு பேனா எடுத்துவர என் காருக்குப் போனான்.

அவன் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. கம்பெனி அனுப்பிய வரைபடம் காரின் முன்பெட்டியில் இருந்தது, பேனாவுக்கு மேலேயே. நான் வாசலுக்குப் போவதற்குள் அவன் காரைத் திறந்துவிட்டிருந்தான்.

திரும்பி வந்தவன் கையில் இரண்டும் இருந்தன. மேசையில் வரைபடத்தை விரித்து, நெடுநேரம் குனிந்து பார்த்தான்.

"நல்லா வரைஞ்சிருக்காங்க. ஆனா இந்தக் கதவு திறந்தா கட்டில்ல இடிக்கும்" என்றான்.

"அண்ணா, அது வந்து…"

"கூரை பத்தி ஒரு வரிகூட இல்ல பாரு."

"வேணாம்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"சொல்லாத." முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஒரு மாசம் கேட்டேன், இன்னும் மூணு வாரம் இருக்கு. முடியட்டும். ரெண்டையும் வச்சுப் பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்காகன்னு பண்ணாதீங்க."

வரைபடத்தை மடிப்புக் கலையாமல் மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டில் அறைக்குப் போய்ச் சுவரை அளக்க ஆரம்பித்தான். அவன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தச்சு வேலைக்கு அந்த வட்டாரத்துப் பெண் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் எப்போதும் ரசமட்டம் இருக்கும். எந்தப் பலகையைப் பார்த்தாலும் அதை மேலே வைத்து, நடுவில் குமிழி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசவே செய்வார். ஊரில் அவருக்குப் பெயரே ரசமட்டம்தான். பிளாஸ்டிக் உட்கூரையைப் பிய்த்தெறிந்துவிட்டு, தகரத்தை ஒட்டிக் கம்பளி அடைத்து, அதற்குக் கீழே பைன் பலகை பதிப்பது என்று முடிவாயிற்று. கம்பளி மழைச் சத்தத்தையும் குளிரையும் தடுக்கும். பிரச்சினை பலகையில் வந்தது.

"இதுல கணு நிறைய இருக்கு சார். வெட்டி எடுத்துட்டு நல்ல பக்கமா போட்டுத் தர்றேன்" என்றார் ரசமட்டம்.

"கணுதான் மேஸ்திரி எனக்கு வேணும். கட்டில்ல தலை வைக்கற இடத்துக்கு நேர் மேல நல்ல கணுவா வரணும்."

"கணுவை மறைக்கத்தான் சார் எங்களைக் கூப்பிடுவாங்க."

"மல்லாந்து படுத்தவன் கண்ணுக்கு ஒரு இடம் வேணும். பலகை மொழுக்குன்னு இருந்தா கண்ணு வழுக்கிட்டே இருக்கும். டியூப்லைட்டுல போய் நிக்கும்."

ரசமட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு பகல் முழுக்க இரண்டு பேரும் பலகைகளைத் தரையில் பரப்பி, எடுத்து, மாற்றி அடுக்கினார்கள். ஆற்றில் சுழி விழுந்ததுபோலக் கணுக்கள் அங்கங்கே கூடி, அங்கங்கே விலகி நின்றன. சாயங்காலம் திருப்தியாக எழுந்த அண்ணனிடம் ரசமட்டம் நிதானமாகக் கேட்டார்.

"இதைத் திருப்பித்தானே சார் மேல அடிக்கணும்?"

"ஆமா."

"திருப்பினா இடது வலதாயிடுமே. நீங்க தலைமாட்டுல வச்ச கணு எல்லாம் பீரோ மேல போய் நிக்கும்."

அண்ணன் தரையைப் பார்த்தான். ஒரு நாள் வேலை அங்கே கிடந்தது. "சரி, கலைங்க" என்றான். மறுநாள் முதல் பலகையிலிருந்து திரும்ப ஆரம்பித்தார்கள். இந்த முறை ஒவ்வொன்றின் முதுகிலும் ரசமட்டம் எண் போட்டார். இரண்டாவது நாள் மதியத்துக்கு மேல், "அந்த இரட்டைக் கணுவை இந்தப் பக்கம் தள்ளுங்க சார், அங்க அது தனியாக் கிடக்கு" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஜன்னலுக்காகச் சுவரை முழங்கால் உயரம்வரை இடிக்க வேண்டும் என்றதும் கணவர் போனில் குதித்தார். "சின்னக் குழந்தைங்க வருவாங்க மச்சான். எட்டிப் பாத்து விழுந்துட்டா யார் பதில் சொல்றது?" மறுநாள் அண்ணன், கீழ்ப் பாதி திறக்கவே முடியாத தடித்த கண்ணாடி, மேல் பாதி மட்டும் திறக்கும் என்று வரைந்து அனுப்பினான். கூடவே, கட்டிலில் தலையணை உயரத்தில் வைத்து எடுத்த ஒரு படம், வெறும் சுவர். 'இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருவார்களா?' என்று கீழே எழுதியிருந்தான். கணவர் அதை என்னிடம் காட்டிவிட்டு, "உங்க வீட்டுல எல்லாருக்குமே இந்தப் பிடிவாதம் உண்டா?" என்று கேட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பச்சை வண்ணத்தைச் சுரண்டி எடுத்தார்கள். வெளியே இவ்வளவு பச்சை இருக்கும்போது உள்ளே எதற்குப் போட்டி என்று அண்ணன் சுவருக்குக் காய்ந்த புல்லின் நிறம் அடித்தான். மிஞ்சிய பைன் துண்டுகளை ரசமட்டம் கடைந்து கதவுகளுக்குக் கைப்பிடி செய்தார். விளக்குகள் எல்லாம் தாழ்வாக, பக்கவாட்டில். அடுப்பின் பக்கத்தில் இரண்டு நாற்காலி, முதுகு கதவுக்குப் போகாதபடி. வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவன் நிம்மதியாக உட்கார மாட்டான் என்றான். இது காத்திருப்பு அறைகளில் கற்றது.

மாதம் முடிந்த ஞாயிறு கணவரும் நானும் போனோம். அவர் கையில் கேள்விகளை எழுதிய காகிதம். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அவர் கைப்பிடியைத் திருகினார், சுவரைத் தட்டினார், அலமாரியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கட்டில் கிறீச்சிடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிப் படுத்தார்.

நான் வாசற்படியில் நின்று ஜன்னல் கண்ணாடியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தால், காகிதம் மார்பில் கிடக்க, வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே பெரணிகள் நனைந்து ஆடிக்கொண்டிருந்தன. கூரையில் மழை பெய்வது, பக்கத்து அறையில் யாரோ காகிதம் மடிப்பதுபோலத்தான் கேட்டது.

அண்ணன் குளியலறையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"குறட்டை விடறார்."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"நான் பாவம் பாத்துத்தான் அண்ணா உனக்கு இந்த வேலையைக் குடுத்தேன்."

"தெரியும். உங்க அண்ணி போன்ல பேசினது அடுத்த ரூம்ல கேட்டுச்சு." அளவு நாடாவை இழுத்துத் தரையில் வைத்தான். "எதுக்குக் குடுத்தா என்ன? வேலை வேலைதானே. அந்த முனையைப் பிடி."

ஒரு மணி நேரம் கழித்து, கன்னத்தில் தலையணைக் கோட்டோடு கணவர் வந்து நின்றார். "அந்தக் கம்பெனி நம்பர் உங்கிட்டதானே இருக்கு? குடு, வேணாம்னு நானே சொல்லிடறேன்" என்றார் என்னிடம். பிறகு அண்ணனைப் பார்த்தார். "எல்லாம் முடிஞ்சுதே மச்சான், இன்னும் என்ன அளக்கறீங்க?"

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

கணவர் ஒரு காலைத் தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

"ஐஸ் மாதிரி இருக்கு."

"அதான். மரச்சட்டம் அடிச்சு, கால் வைக்க ஒரு மிதிபலகை போடணும், தண்ணி கீழ வடியற மாதிரி."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வாரம்."

கணவர் ஒற்றைக் காலில் நின்றபடியே தலையாட்டினார். அதற்குள் அண்ணன் ரசமட்டத்துக்கு போன் போட்டு, "நாளைக்குக் காலைல வர முடியுமா மேஸ்திரி?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.