ஒரு குரல், இரண்டு கேள்வி

எங்கள் கண் ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் ஒரே மின்னஞ்சல் கணக்கு. அதோடு இணைத்த போன் என் வரவேற்பு மேசையில் கிடக்கும். உள்ளே யாராவது கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைப் போட்டால், ‘உள்ளே வருவது நீங்கள்தானா?’ என்று போன் என்னைக் கேட்கும். எந்த ஊர், எத்தனை மணி, எந்த மாதிரி கம்ப்யூட்டர் என்பதெல்லாம் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யார் உட்கார்ந்து படிப்பது? போன் அதிர்ந்ததுமே உள்ளிருந்து “நான்தான்!” என்று ஒரு குரல் வரும். நான் ‘ஆம்’ என்பதை அமுக்குவேன். இதுதான் எங்கள் பழக்கம்.

குரல் கொடுப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டரம்மா. இன்னொருவர் கண்ணாடிக்குப் பவர் பார்ப்பவர். நாற்பது வயது மனிதர், எங்கள் எல்லோருக்கும் அவர் ‘பவர்’தான்.

அந்தக் கணக்குக்குள் என் உயிர் இருந்தது, என் தங்கச்சியின் முகவரி. கட்டியவன் அடித்த அடியில் அவளுக்கு இடது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. மீதியை டாக்டரம்மாதான் காப்பாற்றினார். ஐந்து மாதத்துக்கு முன் அவளை வேறு ஊருக்கு அனுப்பி, தனி வீடு பிடித்துக் கொடுத்தேன். மாதா மாதம் சொட்டு மருந்து கூரியரில் போகும், கூடவே அந்தக் கணக்கிலிருந்து அவளுக்கு என் கடிதமும் போகும். முகவரி அந்த மின்னஞ்சலில் மட்டும்தான் இருந்தது. பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லவில்லை.

அவள் போன மறுவாரமே அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நோயாளிகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். என் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து சிரித்தான்.

“எங்கக்கா வச்சிருக்கீங்க அவள?”

“உனக்கு எதுக்குச் சொல்லணும்? போலீஸ்ல சொல்லவா?”

“சொல்ல வேணாம்க்கா. நானே தெரிஞ்சுக்கிறேன்.”

அதட்டியிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன். அவன் மரியாதையாகச் சொன்னதில்தான் பயந்தேன்.

போலி மெயில்கள் அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தன. ‘உங்கள் கணக்கு இன்று மூடப்படும்’, ‘உடனே இங்கே அழுத்தவும்’. எங்கிட்டயேவா! அனுப்பியவன் முகவரியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பிடித்து அழித்தேன். எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். டாக்டரம்மா முன்னாலேயே பவரைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னேன்:

“எவனாவது லிங்க் அனுப்பி, நீங்க அதைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சுது, கையை ஒடிச்சு அடுப்புல வச்சிடுவேன்!”

“அய்யோ அக்கா, நான் எதுக்குத் தொடப் போறேன்?” என்று அவர் கும்பிட்டார். எல்லோரும் சிரித்தோம்.

தங்கச்சிக்கும் போனில் பாடம் எடுத்தேன். “மெயில் வந்தா பேரைப் பாத்து ஏமாறாத. அனுப்புன முகவரியை எழுத்தெழுத்தாப் படி. ஒரு எழுத்து மாறினாலும் திருட்டுப்பய வேலை.”

“ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு எழுத்தெழுத்தாப் படிக்கச் சொல்றியே, நியாயமா?” என்று கிண்டலடித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அவள் சிரித்துக் கேட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை. கூடத்தில் உட்கார இடமில்லை. கண்ணாடிக் காம்பு வளைந்துவிட்டதென்று ஒரு பெரியவர் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். போன் அதிர்ந்தது. “நான்தான்!” என்றார் பவர். அமுக்கினேன். போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை உள்ளிருந்து குரல் வரவில்லை. ‘சனியனே, ஒரு தடவை சொன்னா உனக்குப் புரியாதா’ என்று திட்டிக்கொண்டே அதையும் அமுக்கினேன்.

இரண்டு நிமிடத்தில் ஒரு மெயில் வந்தது. ‘புதிய கருவி ஒன்று உங்கள் கணக்கில் நுழைந்துள்ளது. அது நீங்கள் இல்லையென்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.’

“பாருங்க, இன்னொருத்தன் வந்துட்டான் காதுல பூ சுத்த!” என்று அதைக் கூடத்துக்கே கேட்கும்படி வாசித்துக் காட்டினேன். பெரியவர்கூட வளைந்த காம்பை மறந்து சிரித்தார். அழித்துவிட்டேன். அத்தனை மாதத்தில் வந்த மிரட்டல்களில் அது ஒன்றுதான் நிஜம். அனுப்பிய முகவரியை அன்றைக்கு மட்டும் நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் இருக்கும். பவர் வந்து மேசைப் பக்கத்தில் நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அக்கா, திட்டாதீங்க.”

“என்ன செஞ்சு தொலைச்சீங்க?”

“லென்ஸ் கம்பெனின்னு ஒரு மெயில் வந்துச்சு. திறந்தா நம்ம பக்கம் மாதிரியே பாஸ்வேர்ட் கேட்டுச்சு. போட்டுட்டேன்.”

“எப்போ?”

“திங்கக்கிழமை.”

“நாலு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா?”

“கையை ஒடிப்பேன்னீங்களே அக்கா,” என்றார். கண் கலங்கியிருந்தது. “பயமா இருந்துச்சு.”

எனக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. குரல் ஒன்று, கேள்வி இரண்டு. கணக்கைத் திறந்து, எங்கிருந்தெல்லாம் நுழைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். தெரியாத ஒரு போன் இருந்தது. செவ்வாய்க்கிழமை, அவன் இருக்கும் ஊர். அதே போன், இன்று காலை ஏழு மணி, என் தங்கச்சி இருக்கும் ஊர்.

அனுப்பியவற்றில் நான் எழுதாத கடிதம் ஒன்று கிடந்தது. அவளுக்குப் போயிருந்தது. ‘உங்கள் சொட்டு மருந்து மாற்றப்பட்டுள்ளது. இன்று பதினோரு மணிக்கு எங்கள் ஆள் நேரில் கொண்டுவருவார். கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளவும்.’ கடைசியில், நான் எப்போதும் எழுதி முடிக்கிற மாதிரியே, ‘கண்ணைக் கசக்காதே’ என்றுகூட இருந்தது. என் பழைய கடிதங்களையெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறான் பாவி.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாக இரண்டு நிமிடம். அவளுக்குப் போன் போட்டேன். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

“சொல்லுக்கா! மருந்துக்குத்தானே? மெயில் பாத்துட்டேன்.”

“அந்த மெயில்...”

“இரு இரு, திட்டாத. நீ சொன்ன மாதிரியே எழுத்தெழுத்தாப் படிச்சேன். ஒண்ணுகூட மாறல, நம்ம ஆஸ்பத்திரி முகவரியேதான். நான் ஒண்ணும் ஏமாளி இல்ல!” அவள் குரலில் அத்தனை பெருமை. பின்னால் அழைப்பு மணி கேட்டது. “வந்துட்டாங்க போலிருக்கு. போனை வச்சிட்டு வரேன், லைன்லயே இரு.”

“திறக்காத! ஏய், கதவைத் திறக்காதடி!”

கூடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா அறையிலிருந்து ஓடிவந்தார். அவள் போனை மேசையில் வைத்துவிட்டாள். செருப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. நான் கத்திக்கொண்டே இருந்தேன். தாழ்ப்பாள் விலகியது.

“யாரு, ஆஸ்பத்திரியிலேர்ந்தா?” என்றாள்.

“நான்தான்,” என்றான்.