நெதர் ஸ்டோக்கம் பள்ளிகளின் முழு வரலாறு

நெதர் ஸ்டோக்கம் கிராமத்தில் பள்ளிக்கூடத்தின் மேல் பாசம் இல்லாத ஆளே கிடையாது, பிள்ளைகள்தான் கிடையாது. லண்டனில் ஓய்வுபெற்றவர்கள் வீடு வீடாக வாங்கிக் குடியேறி, ரோஜா வளர்த்து, அது போதாதென்று வரலாற்றுச் சங்கமும் தொடங்கியிருந்தார்கள். விதவைகள் அடுப்படியில் நடத்திய பள்ளி, தேவாலயப் பள்ளி, அதற்குப் போட்டியாக மெதடிஸ்ட் சபையினர் நடத்திய பள்ளி என எல்லாவற்றையும் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு பக்கத்தில் சங்கம் புத்தகம் போட்டது. அவற்றில் உயிரோடு இருந்தது தேவாலயப் பள்ளி மட்டும். தலைமையாசிரியை ஹெஸ்தர் பிளாக்கெட்டிடம் இருந்ததோ பதினொரு பிள்ளைகள். செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டுக்குப் பதினைந்து பேர் பதியாவிட்டால் ஜூலையோடு மூடிவிடுவோம் என்று கல்வி அலுவலகம் கடிதம் போட்டுவிட்டது.

இருபத்திரண்டு வருடம் அந்த ஒரே அறையில் கழித்தவள் அவள். நல்லவேளை, தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் குறைந்த வாடகைக்கு ஆறு வீடுகள் கட்ட ஒரு திட்டம் வந்தது. பால்பண்ணையில் வேலை செய்யும் மூன்று குடும்பங்கள் அப்போதே பேர் கொடுத்துவிட்டன. அவர்களுக்கு ஏழு பிள்ளைகள்.

ஊர்க் கூட்டத்தில் தேநீரும் பிஸ்கட்டும் ஒரு சுற்று வந்தபின் சங்கத் தலைவர் ஜைல்ஸ் ஃபென்டிமன் எழுந்தார்.

“குழந்தைங்கன்னா எனக்கு உசுரு. ஆனா அந்தப் புல்வெளி வழியாத்தான் முந்நூறு வருஷமா பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்திருக்காங்க. எங்க புத்தகத்துல எழுபத்தோராம் பக்கம் பாருங்க. அதுல போய் வீடு கட்டுறதாவது!”

“சார், அங்க வீடு கட்டினாத்தானே நடந்து வர்றதுக்குப் பிள்ளைங்க இருப்பாங்க?” என்றாள் ஹெஸ்தர்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்க பள்ளிக்கூடத்துக்காகத்தானே இவ்வளவு பாடுபடுறோம்!”

வீடு வேண்டாமென்று நாற்பத்தொரு பேர் கை தூக்கினார்கள், வேண்டுமென்று மூன்று பேர். யாரும் குரலை உயர்த்தவில்லை, ஊர் வழக்கம் அப்படி. போகும்போது ஆளாளுக்கு ஹெஸ்தரிடம் வருத்தம் சொல்லி, மீந்த கேக்கையும் கட்டிக் கொடுத்தார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியவர்களுக்கு எவ்வளவு நல்ல மனசு!

ஜூலையில் பள்ளியை மூடினார்கள். அடுத்த வசந்தத்தில் அதே கட்டடத்தில் சங்கத்தின் அருங்காட்சியகம் திறந்தது. கறுப்பு அங்கியும் பிரம்புமாக அந்தக்காலத்து வாத்தியாரம்மா வேஷம் கட்ட ஹெஸ்தரையே கூப்பிட்டார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அறையில் வேறொருத்தி நிற்பதை அவளால் தாங்க முடியாது. ஒத்துக்கொண்டாள்.

முதல் நாளே டவுன் பள்ளியிலிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்தார்கள்.

“ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, இந்த ஊர்ப் பிள்ளைங்க இங்கதான் படிச்சாங்க,” என்று ஆரம்பித்தார் ஜைல்ஸ்.

ஒரு சின்னப் பெண் கை தூக்கினாள். “சார், நான் போன வருஷம் இங்கதான் படிச்சேன். அதோ, அதான் என் இடம்.”

“அதெல்லாம் தொடக் கூடாது பாப்பா. பழைய சாமான்.”

“நீ போய் உட்காரு, ப்ரையனி,” என்றாள் ஹெஸ்தர். பிறகு தன் பழைய பிள்ளைகள் பதினொரு பேரையும் பெயர் சொல்லி வரிசையாகக் கூப்பிட்டாள். நான்கு பேருக்குத்தான் பதில் வந்தது. கடைசிப் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது.

ஜைல்ஸ் மெல்ல அவள் காதருகே குனிந்தார்.

“பிரமாதம் டீச்சர்! நடிக்கிற மாதிரியே இல்ல.”