கைவிடப்பட்ட பெண்ணுக்கு வீடு வழங்கும் விழா

ஆலங்காயத்தில் குணசீலன் வீட்டுக்கு யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். வாசலில் கருப்பு கிரானைட்டில் ‘குணசீலன் இல்லம்’ என்று தங்க எழுத்து. அதற்குக் கீழே, ‘தலைவர், மலையடிவார நற்பணி மன்றம்’. அந்தத் தங்க எழுத்து உட்பட மொத்த வீட்டுக்கும் மாதாமாதம் தவணை கட்டுகிறவள் அவர் மனைவி ஜெயசுதா. அவள் பெயர் கல்லில் இல்லை. பத்திரத்திலும் வங்கியிலும் மட்டும் இருந்தது.

ஜெயசுதா மலைமேல் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குணசீலனை விட்டு வந்து ஒன்றரை வருஷமாக, அங்கேயே சாந்தம்மாள் என்பவர் வீட்டில் ஒரு அறை எடுத்து, ஒரு பாய், ஒரு ஸ்டவ்வோடு இருந்தாள். மனிதரை விட்டு வர ஒரு பஸ் டிக்கெட் போதுமாக இருந்தது. கடனை விட்டு வரத்தான் வழி தெரியவில்லை. ஐந்தாம் தேதியானால் அவள் சம்பளத்தில் பாதி, அவளைக் கேட்காமலே மலை இறங்கிப் போய்விடும். நிறுத்தலாமென்றால், கூட்டுக் கடனில் யார் கட்டாவிட்டாலும் சம்பளக்காரியைத்தான் பிடிப்பார்கள். இன்னும் பதிமூன்று வருஷம் இருந்தது. வீடு அவருக்கே போகட்டும், கடனிலிருந்து தன் பெயர் போனால் சரி என்றுதான் அவள் முதலில் வங்கியில் போய் நின்றாள்.

வங்கி மேலாளர் கோபால்சாமி இருவரையும் சேர்ந்து வரச் சொன்னார். மேடம் பெயரை எடுக்க வேண்டுமென்றால் சார் தனியாகக் கட்ட முடியுமென்று வருமானம் காட்ட வேண்டும் என்றார். குணசீலன் பெரிய ஃபைலாகவே கொண்டுவந்திருந்தார். பொன்னாடை போர்த்துகிற படம், போர்த்திக்கொள்கிற படம், ‘சேவைச் செம்மல்’ சான்றிதழ். மேலாளர் பொறுமையாகப் புரட்டினார். கடைசியில், ஏதோ இலவசத் திட்டத்துக்காகத் தாலுகா ஆபீசில் வாங்கிய வருமானச் சான்றிதழ் தவறிப்போய் உள்ளே கிடந்தது. ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம். மேலாளர் அதை எடுத்து, பார்த்து, அலுங்காமல் திரும்ப வைத்தார்.

“விக்கலாமே,” என்றாள் ஜெயசுதா.

“வூட்ட வித்துட்டு மன்றத்த எங்க வெக்கிறது?” என்றார் குணசீலன்.

இன்னொரு வழியை மேலாளர் சொன்னார். சார் தன் பாதியை மேடம் பெயருக்கு எழுதிக் கொடுத்தால், மேடம் வீட்டை விற்றுக் கடனை முடித்துக்கொள்ளலாம். ஆனால் விவாகரத்துக்கு முன்னால் எழுதிவிட வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைச் செலவு கொஞ்சம். விவாகரத்து ஆகிவிட்டால் பல மடங்கு. ஆக, புருஷனைத் தொலைக்க வேண்டுமென்றால் அதுவரை அவரைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் குணசீலன் பிடிகொடுக்கவில்லை. பிறகு அவரே போன் செய்தார். பத்திரம் எழுதுகிற ராஜாக்கண்ணுவைக் கேட்டாராம். அப்படி எழுதுவதற்குத் தானப் பத்திரம் என்று பெயராம்.

“தானம்னா நாலு பேர் பாக்கத்தான் குடுக்கணும்,” என்றார். வியாழக்கிழமை பதிவு, ஞாயிற்றுக்கிழமை மாலை மன்றத்து விழா மேடையில் கையில் கொடுப்பார்.

ஜெயசுதா எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தாள். ராஜாக்கண்ணு முன்பே அனுப்பிய நகலை இரண்டு தரம் படித்திருந்தாள். பதிவு ஆபீசில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்ட அவசரத்தில், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பத்திரத்தைக் குணசீலன் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று மலையிலிருந்து இறங்கினால் பஸ் ஸ்டாண்டிலேயே ஃப்ளெக்ஸ். ‘கணவரால் கைவிடப்பட்ட ஏழைப் பெண்ணுக்கு வீடு வழங்கும் மாபெரும் விழா. வழங்குபவர்: வள்ளல் குணசீலன்.’ கீழே, ஐந்து பேருக்கு இஸ்திரிப் பெட்டி. கைவிட்ட கணவர் பெயரைப் போட மட்டும் இடம் போதவில்லை போலிருக்கிறது.

அவளுக்கு ஆறாம் எண் டோக்கன். பக்கத்து நாற்காலியில் இஸ்திரிப் பெட்டி வாங்க வந்த பச்சையம்மா பரிவோடு கேட்டாள்: “வூட்டுக்காரரு வுட்டுட்டுப் போய்ட்டாராம்மா?”

“இல்லக்கா. நான்தான் வந்துட்டேன். அதோ மைக்குல பேசறாரு பாருங்க.”

பச்சையம்மா மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பாத்து வாங்கும்மா. ஆளையும் சேத்துக் குடுத்துடப் போறாரு.”

ஆறாம் எண் வந்தது. “அன்புச் சகோதரி ஜெயசுதா அவர்களே,” என்று குணசீலன் மைக்கில் அழைத்தார். கைதட்டினார்கள். சகோதரி போய் உறையை வாங்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்துப் படித்தாள்.

நாலாவது பக்கத்தில், நகலில் இல்லாத ஒரு பத்தி இருந்தது. தானம் கொடுப்பவர் தம் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டில் குடியிருந்து அனுபவித்து வருவார்.

அவள் ராஜாக்கண்ணுவைத் தேடிப் பிடித்தாள். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பெரிய மனுஷர்கள் தானம் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படியே எழுது என்று தலைவர் சொன்னாராம். பெரிய மனுஷர்கள் எழுதுகிற எல்லாப் பத்திரத்திலும் அந்தப் பத்தி உண்டாம். அது இல்லாவிட்டால் மரியாதையாக இருக்காதாம்.

குணசீலன் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் நாலாவது பக்கத்தை அவரிடம் நீட்டினாள். அவருக்கும் அந்தப் பத்தி புதுசுதான் என்று முகத்தில் தெரிந்தது. வாசிக்க வாசிக்க அது அவருக்குப் பிடித்துப்போனதும் தெரிந்தது.

“நீங்க உள்ள குந்திகினு இருந்தா வூட்ட யாரு வாங்குவாங்க? கடன நான் எப்டி முடிக்கிறது?”

“இருக்கட்டும், ஒரு கவுரவத்துக்கு,” என்றார் குணசீலன். “நான் இன்னா உன்ன வாடகையா கேக்கறேன்?”

அதற்குள் போட்டோகிராஃபர் ஓடிவந்தான். எடுத்த படத்தில் தலைவர் கண்ணை மூடிவிட்டாராம். ஜெயசுதா மறுபடி மேடையேறினாள். திரும்ப வழங்குவதற்காக உறையைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அவள் ஒரு முனையை விடவில்லை. அவரும் மறுமுனையை விடவில்லை.

“அப்டியே இருங்க,” என்றான் போட்டோகிராஃபர். “ரெண்டு பேருமே வுட்றாதீங்க.”